தகட்டில் ஏறிய ஜெனிவீவ்

டெரன்ஸ் ஓட்டுப் போட்டது கழிவறைக் குழாய்க்கு. வந்து சேர்ந்தது கலை.

சிங்கப்பூரின் புக்கிட் பாஞ்சாங்கில் அவர் குடியிருந்த அடுக்குமாடி புளோக்கில் பழைய குழாய்கள் ஒழுக ஆரம்பித்திருந்தன. முக்கால்வாசி வீட்டுக்காரர்கள் சம்மதித்தால் புதுக் குழாய் என்று அறிவிப்பு வந்தது. யார்தான் வேண்டாம் என்பார்கள்? மேல் வீட்டுத் தண்ணீரை உச்சந்தலையில் வாங்கிக்கொண்டே பல் துலக்கிய மனிதர்கள் அத்தனை பேரும் வரிசையில் நின்று சம்மதம் சொன்னார்கள். அந்தச் சம்மதத்துக்குள்ளேயே ஹால் சுவருக்கான சம்மதமும் அடங்கியிருந்தது. குழாய்க்காரர்கள் வருவதற்கு முன்பே இன்னொரு கூட்டம் ஏணியும் துளைக்கருவியுமாக வாசலில் வந்து நின்றபோதுதான் அது எல்லாருக்கும் தெரிந்தது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான்.

அந்தக் கூட்டத்தை அனுப்பியது இல்லச் சுவர் மேம்பாட்டுக் கழகம். சாதாரண மக்களின் வீட்டுச் சுவர்களில் ரசனை போதவில்லை என்று ஏதோ ஒரு மாநாட்டில் யாரோ ஒருவர் கவலைப்பட, அந்தக் கவலைக்குக் குளிர்சாதன அறையும் அதிகாரிகளும் கொடுத்து உண்டாக்கிய அமைப்பு. நாள்காட்டி, கல்யாணப் போட்டோ, மகளின் பட்டமளிப்புப் படம் என்று கண்டதையும் மாட்டிச் சுவரைக் கெடுத்துவைத்திருக்கும் குடும்பங்களுக்கு உயர்ந்த கலையைக் கொண்டுசேர்ப்பது அதன் லட்சியம். உயர்ந்த கலை என்றால் வட்டம், முக்கோணம், கோடு. பெரிய ஓவியர்கள் இவற்றைத் துணியில் வரைந்து வைத்திருந்தார்கள். கழகம் அவற்றை அலுமினியத் தகட்டில் அச்சடித்து வீட்டுக்கு ஒன்றாக அனுப்பியது. துணி நம்மூர் ஈரத்தில் பூஞ்சை பிடித்துவிடும், தகட்டைத் துடைத்துக்கொள்ளலாம் என்றார்கள். கலையைப் பற்றிக் கழகம் சொன்னவற்றில் டெரன்ஸுக்கு முழுதாகப் புரிந்தது அது ஒன்றுதான்.

விமானச் சரக்குக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர் அவர். கலையோடு அவருக்கு விரோதம் எதுவும் கிடையாது. சிக்கல் என்னவென்றால், கழகம் குறித்துவைத்த சுவரில் ஏற்கெனவே ஜெனிவீவ் இருந்தாள். இறந்துபோன அவர் மனைவி. வாசலைத் திறந்ததும் நேர் எதிரே, மல்லிகைச் சரத்தோடு, வருகிறவர்களை எல்லாம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டிருந்தாள்.

தமிழ் பேசும் வீடுகளுக்கென்று கழகம் நியமித்திருந்த ரசனை அதிகாரி சுபாங்கி, கையில் டேப்லெட்டோடு வந்தாள். நல்ல பெண். காலணியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத்தான் உள்ளே நுழைந்தாள்.

“அங்கிள், இந்தப் படத்தை எடுத்துடணும்.”

“அது என் வைஃப்மா.”

“தெரியுது அங்கிள். ஆனா ஃபிகரேட்டிவா இருக்கு.”

“என்னவா இருக்கு?”

“மனுஷ உருவமா இருக்கு.”

டெரன்ஸ் படத்தைத் திரும்பிப் பார்த்தார். “மனுஷிதானேம்மா அவ” என்றார்.

“கரெக்ட்தான். ஆனா தகடு இருக்கிற சுவர்ல வேற எதுவும் இருக்கக்கூடாது. பார்வை சிதறிடும் அங்கிள். வீடு உங்களுதுதான், சுவரும் உங்களுதுதான். சுவரோட முகம் மட்டும் சமூகத்துக்குச் சொந்தம். இது ஆப்ஷனல் இல்ல லா.”

வேறு சுவர் பார்க்கலாம் என்றால், ஹாலில் மிச்சமிருந்தது, போர் வந்தால் ஒளிந்துகொள்ள வீட்டுக்குள்ளேயே கட்டிவைத்த வெடிகுண்டுப் புகலிட அறையின் சுவர். அதில் ஆணியடிக்கச் சட்டம் இடம் தராது. இன்னொரு பக்கம் முழுக்க ஜன்னல். வாசலுக்கு மேலே இயேசுவின் திரு இருதயப் படம் இருந்தது. அங்கே பக்கத்தில் வைக்கலாம்தான். ஆனால் பெண்டாட்டிக்குப் புனிதர் பட்டம் கொடுக்க டெரன்ஸ் என்ன போப்பாண்டவரா? கடைசியில் படத்தைக் கொண்டுபோய்ச் சமையலறையில் அரிசி டப்பாவின் மேல் சாத்தி வைத்தார்.

வைத்த கையோடு அவருக்கு மனசு கேட்கவில்லை. அடுப்படியை விட்டு வெளியே வர நேரமில்லை என்று வாழ்நாள் முழுவதும் அவரோடு சண்டை பிடித்தவள் ஜெனிவீவ். செத்த பிறகாவது ஹாலில் உட்கார்ந்தாள் என்று பார்த்தால், மறுபடியும் அடுப்படிக்கே அனுப்பியாயிற்று. வெங்காயம் வதக்கும்போதெல்லாம் அவளைத் திரும்பிப் பார்க்க அவருக்கு வெட்கமாக இருந்தது. அவளை எப்படியாவது ஹாலுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று அன்றே முடிவு செய்துகொண்டார்.

சுவரில் ஏறிய தகட்டின் பெயர் ‘சமநிலை - 14’. ஒரு பெரிய மஞ்சள் வட்டம், அதைக் குத்த வருகிற நீல முக்கோணம், குறுக்கே சிவப்புக் கோடு. சாயங்காலச் சூரியன் ஜன்னல் வழியாக வந்து தகட்டில் பட்டு நேராகச் சோபாவில் விழுந்தது. டெரன்ஸ் வீட்டுக்குள்ளேயே தொப்பி போட்டுக்கொண்டு செய்தி பார்க்கத் தொடங்கினார். கண் கூசுகிறது என்று புகார் சொன்னபோது சுபாங்கி முகம் மலர்ந்து, “படைப்பு உங்களோட பேச ஆரம்பிச்சுடுச்சு அங்கிள்” என்றாள்.

ஒரு வழி இருந்தது. ரசனைத் தேர்வில் தேறுகிறவர்களுக்குத் தனிக் காட்சிச் சலுகை என்று ஒன்று உண்டு. தேறினால் அதே சுவரில் ஓரமாக ஒரு முழம் இடம் கிடைக்கும். அதில் சொந்தப் படத்தை மாட்டிக்கொள்ளலாம். டெரன்ஸ் உடனே பெயர் கொடுத்தார்.

சிங்கப்பூரில் ஒரு தேர்வு பிறந்தால் அதன் தொப்புள்கொடி காய்வதற்குள் டியூஷன் பிறந்துவிடும். சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், நகைக்கடை மாடியில், குணமணி மாஸ்டர் நடத்திய நிலையத்தின் பலகையில் புது வரி ஏறியிருந்தது: ‘தொடக்கநிலைக் கணிதம், உயர்நிலைத் தமிழ், இல்லச் சுவர் ரசனை - தேர்ச்சி உறுதி.’ டெரன்ஸ் போய்ப் பார்த்தபோது அவருடைய புளோக்கே அங்கே உட்கார்ந்திருந்தது. எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருந்த பாலர் பள்ளி ஆசிரியை முனீரா, பக்கத்து நாற்காலியைத் தட்டி, “இங்க வாங்க அங்கிள், ஏர்கான் இங்கதான் நல்லா வருது” என்று கூப்பிட்டாள்.

குணமணி மாஸ்டர் கணக்கு வாத்தியார். கலையையும் கணக்காகவே நடத்தினார்.

“முதல் விஷயம், படத்தைப் பார்க்காதீங்க. பார்த்தா சொந்தமா ஏதாவது தோணும். சொந்தமாத் தோணினா மார்க் போயிடும். வட்டம் வந்தா ‘முழுமை’ன்னு சொல்லுங்க. முக்கோணம் வந்தா ‘பதற்றம்’. கோடு சாய்வா இருந்தா ‘நவீன மனிதனின் தவிப்பு’, நேரா இருந்தா ‘நகர வாழ்வின் ஒழுங்கு’. ஒண்ணுமே வரையாம விட்டிருந்தா அது மௌனம். மௌனத்தை விட்டுடாதீங்க, அதுக்குத்தான் மார்க் அதிகம்.”

“அது ஏன் மாஸ்டர் மஞ்சள் வட்டம்?” என்று டெரன்ஸ் கேட்டார்.

“அண்ணே, நீங்க பாஸ் பண்ண வந்தீங்களா, புரிஞ்சுக்க வந்தீங்களா?”

டெரன்ஸ் அரிசி டப்பாவின் மேல் இருந்தவளை நினைத்துக்கொண்டு மனப்பாடம் செய்தார். பேருந்தில் முணுமுணுத்தார், குளிக்கும்போது முணுமுணுத்தார். ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலியில் விசுவாசப் பிரமாணத்தின் நடுவே ‘நவீன மனிதனின் தவிப்பு’ என்று சத்தமாகச் சொல்லிவிட, முன்வரிசைப் பெண்மணி திரும்பி அனுதாபத்தோடு பார்த்தார்.

தேர்வு புளோக்கின் கீழ்த்தளத்தில் நடந்தது. டெரன்ஸ் தகட்டின் பக்கம் கண்ணைக்கூடத் திருப்பாமல் கடகடவென்று ஒப்பித்தார். மூச்சு வாங்க நடுவில் நிறுத்தியபோது, அந்த இடைவெளியையும் மௌனம் என்று எண்ணித் தேர்வாளர்கள் தலையை ஆட்டினார்கள். மூன்றாம் நாள் முடிவு வந்தது. அவர்தான் முதல் மாணவர். அவர் வீட்டை ‘முன்மாதிரி இல்லம்’ என்று அறிவித்து, கதவில் ஒரு சின்னத் தகடும் அடித்துவிட்டுப் போனார்கள்.

டெரன்ஸ் ஓடிப்போய் ஆணியும் சுத்தியலும் எடுத்து வந்தார். சுபாங்கி தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

“அங்கிள், தனிக் காட்சிச் சலுகை பாஸானவங்களுக்கு. முன்மாதிரி இல்லத்துக்குச் சலுகை கிடையாது. அங்க சுவர் மாசு மறு இல்லாம இருக்கணும். நீங்க கொஞ்சம் சுமாராப் பண்ணியிருக்கலாம் லா.”

ஆசை ஆசையாகப் படித்து ஆப்பை அவரே தேடி உட்கார்ந்துகொண்டார். ஜெனிவீவ் அரிசி டப்பாவிலேயே இருந்தாள். வெங்காயம் வதங்கிக்கொண்டே இருந்தது.

முன்மாதிரி இல்லத்தைப் பார்வையிடக் கழகத் தலைவர் இராஜசிங்கமே வருகிறார் என்று தகவல் வந்தது. உடனே, தகட்டுக்கு மெருகேற்ற வேண்டும் என்று ஒரு லாரி வந்து அதைக் கழற்றிக்கொண்டு போனது. தலைவர் வரும் நாளன்று காலையில் லாரி திரும்பி வரவேண்டும். வரவில்லை. எங்கேயோ நெரிசலில் நின்றுகொண்டிருந்தது.

அன்றைக்குத்தான் ஜெனிவீவின் நினைவு நாள். டெரன்ஸ் காலித் திருகாணிகளைப் பார்த்தார். தலைவர் வருவது மதியம்தானே. ஒரு மணி நேரம் ஜெபம் சொல்லிவிட்டு எடுத்துவிடலாம் என்று படத்தைக் கொண்டுவந்து மாட்டி, சரம் போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றினார். இத்தனை நாளுக்குப் பிறகு அவளைச் சரியான இடத்தில் பார்த்ததும் அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. மண்டியிட்டு அருள்நிறைந்த மரியே சொல்ல ஆரம்பித்தார். பாதி ஜெபத்தில் கதவு திறந்தது. பெரிய மனிதர்கள் தாமதமாகத்தான் வருவார்கள் என்று நம்பியது அவர் தப்பு.

தலைவர் இராஜசிங்கம் கைப்பேசியில் இருந்த உரையைப் பார்த்தபடியே உள்ளே வந்து, பார்த்தபடியே வாசிக்கத் தொடங்கினார். பின்னால் வந்த அதிகாரிகள் சுவரைப் பார்த்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். தலைவர் பேசும்போது இடைமறிக்கும் வழக்கம் கழகத்தில் கிடையாது.

“அன்பர்களே! காத்தோங்கில் நான் வளர்ந்த வீட்டின் சுவர் முழுவதும் உறவினர்களின் படங்கள் தொங்கின. அவர்களைப் பார்த்துப் பார்த்தே எனக்கு உறவினர்கள் மீது வெறுப்பு உண்டாயிற்று. வட்டத்துக்குச் சித்தப்பா கிடையாது. முக்கோணம் நம்மிடம் உதவி கேட்டு வருவதில்லை. ஆகவேதான் நம் குடும்பங்கள் ஒற்றுமையாக வாழ நான் வடிவியலைத் தேர்ந்தெடுத்தேன். உங்கள் வீட்டில் எதை மாட்டியிருக்கிறீர்கள் என்று சிலர் என்னைக் கேட்கிறார்கள். என் வீட்டுக்குச் சுவர் கிடையாது, எல்லாம் கண்ணாடி. சுவர் என்ற சுமையை உங்களுக்காக விட்டுக்கொடுத்தவன் நான்!”

கைதட்டல் எழுந்தது. அப்போதுதான் தலைவர் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். மெழுகுவர்த்திக்கு மேலே ஜெனிவீவ் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இது…” என்றார் தலைவர். “இது துணிச்சலான வடிவியல்.”

சுபாங்கி முன்னால் வந்தாள். “சார், ஆக்சுவலி அது வந்து...”

“ஆக்சுவலி அதுதான் சுபாங்கி, நானும் அதைத்தான் சொல்கிறேன். இந்த வட்டத்தைப் பாருங்கள். ஒரு முகம் போலவே தோன்றுகிறது. ஆனால் முகமா? முகம் என்ற கருத்தையே கேள்வி கேட்கிறது.” டெரன்ஸின் பக்கம் திரும்பினார். “நீங்களே வரைந்ததா?”

“இல்ல சார். பாஸ்போர்ட்டுக்கு எடுத்தது.”

“பாஸ்போர்ட்! எல்லைகளைக் கடக்கும் கலை. குறித்துக்கொள்ளுங்கள்.” எல்லாரும் குறித்துக்கொண்டார்கள். “இதைத் தகட்டில் ஏற்றி, இந்த வட்டாரத்தில் வீட்டுக்கு ஒன்று கொடுங்கள்.”

அப்படித்தான் ஜெனிவீவ் ‘சமநிலை - 15’ ஆனாள்.

கழகத்தின் வடிவமைப்பாளர் தன் கடமையைச் செய்தார். கன்னங்களை முக்கோணமாக்கினார், மூக்கையும் உதட்டையும் கோடாக்கினார், கொண்டையைச் சாம்பல் நிற வட்டமாக்கினார். கண்களைத்தான் என்ன செய்வது என்று தெரியாமல் அப்படியே விட்டுவிட்டார். தகடு வந்து ஹால் சுவரில் ஏறியபோது டெரன்ஸ் எதிரே நின்று வெகுநேரம் பார்த்தார். கன்னம் யாருடையதோ. கண் அவளுடையதுதான். சரி, இந்த மட்டுக்கும் ஹாலுக்கு வந்துவிட்டாளே என்று மனதைத் தேற்றிக்கொண்டார். அசல் படத்தையாவது பக்கத்தில் வைக்கலாமா என்று கேட்டதற்குச் சுபாங்கி உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“அங்கிள், இது இப்போ கழகத்தோட படைப்பு. உங்ககிட்ட இருக்கிறது காகித நகல். அனுமதி இல்லாத நகலை எந்தச் சுவர்லயும் மாட்டக்கூடாது.”

“எது முதல்ல வந்ததும்மா?”

“எது முதல்ல பதிவாச்சோ அது.”

அதோடு விடவில்லை. புதுப் படைப்பு என்றால் புதுத் தேர்வு. இந்த முறை எல்லா வீட்டுக்கும் கட்டாயம். தேறாத வீட்டிலிருந்து தகடு கழற்றப்படும், ரசனை வளரும்வரை சுவர் காலியாக இருக்க வேண்டும். ஆக, டெரன்ஸ் தன் மனைவியைச் சுவரில் வைத்துக்கொள்ள வேண்டுமானால் தன் மனைவியிலேயே பாஸாக வேண்டும்.

மறுபடியும் நகைக்கடை மாடி. குணமணி மாஸ்டர் ஜெனிவீவைப் பலகையில் மாட்டி, குச்சியால் தட்டித் தட்டி நடத்தினார். “கன்னம் பதற்றம். கொண்டை முழுமை. மூக்கு நகர வாழ்வின் ஒழுங்கு. கண்ணைப் பத்தி எதுவும் சொல்லாதீங்க, அது பாடத்திட்டத்துல இல்ல.” முனீரா அழகாகக் குறிப்பெடுத்தாள். டெரன்ஸ் குச்சி மூக்கில் படும்போதெல்லாம் தன் மூக்கைத் தடவிக்கொண்டார்.

தேர்வு இந்த முறை அவரவர் வீட்டிலேயே, படைப்பின் முன்னால். சுபாங்கி சோபாவில் உட்கார்ந்து டேப்லெட்டைத் திறந்தாள். வாசலில் இரண்டு வேலையாட்கள் ஏணியோடு காத்திருந்தார்கள்.

“இந்தப் படைப்புல என்ன பார்க்கிறீங்க அங்கிள்?”

எல்லாம் நாக்கு நுனியில் இருந்தது. டெரன்ஸ் நிமிர்ந்து, “இந்த வட்டம்…” என்று ஆரம்பித்தார். மாஸ்டர் சொன்னதை மறந்து தகட்டைப் பார்த்துவிட்டார். ஜெனிவீவ் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கண்ணுக்கு முன்னால் அவர் சொன்ன ஒரு பொய்கூட இதுவரை எடுபட்டது கிடையாது.

“அவ பேரு ஜெனிவீவ்” என்றார். “அன்னிக்குக் காலைல சண்டைம்மா. புதுக் குடையை டாக்சியில விட்டுட்டு வந்துட்டேன். அந்தக் கோவத்தோடதான் போட்டோ எடுக்க உக்காந்தா. கண்ணு அதான் அப்படி இருக்கு. ஆனா அசல்ல உதட்டு ஓரத்தைப் பார்த்தீங்கன்னா சிரிப்பு வரப்போகுது. நான் கேமராவுக்குப் பின்னாடி நின்னு மூஞ்சிய அப்பாவி மாதிரி வெச்சுக்கிட்டேன், அதான். போட்டோக்காரன் அவசரப்பட்டுட்டான். இன்னும் ஒரு செகண்ட் பொறுத்திருந்தா சிரிச்சிருப்பா.” தகட்டை விரலால் காட்டினார். “அந்த உதட்டை நீங்க கோடாப் போட்டுட்டீங்க.”

சுபாங்கி தகட்டைப் பார்த்தாள். ரசனை அதிகாரியான பிறகு அவள் ஒரு தகட்டை அவ்வளவு நேரம் பார்த்தது அதுதான் முதல் தடவை. பிறகு மெதுவாக டேப்லெட்டுக்குத் திரும்பினாள்.

“அங்கிள், இதை எந்தக் கட்டத்துலயும் போட முடியல. வடிவம் கேக்குது.”

“அதுல ஒண்ணுமே இல்லையாம்மா?”

“நீங்க படைப்புக்கு ரொம்ப நெருக்கமா இருக்கீங்க. ரசனைக்குக் கொஞ்சம் தூரம் வேணும் அங்கிள்.” அவள் குரல் இறங்கிவிட்டது. “சாரி.”

வேலையாட்கள் உள்ளே வந்தார்கள். ஜெனிவீவை இறக்கி, கீறல் விழாமல் போர்வையில் சுற்றி, லிஃப்டில் கொண்டுபோனார்கள். ஒருவர் திருகாணிகளுக்கு மூடி போட்டுவிட்டு, சுவரை ஒருமுறை துடைத்தும் கொடுத்தார். அந்த வட்டாரத்தில் அத்தனை வீட்டிலும் ஜெனிவீவ் இருந்தாள். டெரன்ஸ் வீட்டில் மட்டும் இல்லை.

காலிச் சுவரின் முன்னால் அவரால் உட்கார முடியவில்லை. கதவைத் திறந்துகொண்டு நடைபாதையில் வந்து நின்றார். எதிர்வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. உள்ளே சுவரில் ஜெனிவீவ் பளபளத்தாள். அவர் பார்ப்பதைப் பார்த்துவிட்ட முனீரா வந்து கம்பிக் கதவைத் தள்ளித் திறந்தாள்.

“உள்ள வாங்க அங்கிள். வெளிய நின்னு பார்த்தா சரியாத் தெரியாது.”

“நீ பாஸாம்மா?”

“டிஸ்டிங்ஷன்.” அவள் சிரிக்கவில்லை. டிவியை அணைத்துவிட்டு, அதன் பக்கம் பார்த்துக்கொண்டிருந்த நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டாள். “பதற்றம், முழுமை எல்லாம் சொல்லிட்டேன். ஆனா இவங்க யாரு, எப்படி இருப்பாங்கன்னு எனக்கு ஒண்ணுமே தெரியாது. சொல்லுங்களேன் அங்கிள்.”

டெரன்ஸ் உட்கார்ந்தார். கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“முதல்ல அந்தக் கன்னத்தை மறந்துடு” என்றார். “அவளுக்கு நல்லா உருண்டையா இருக்கும்.”